கல்லறைத் தோட்டத்தில் வாங்கிய கவர்

பெருமுக்கல்

அன்பு மகளுக்கு,

நீயும் என்னை மாதிரி இறையியல் படிக்கவா, செலவு எவ்வளவு, அப்புறம் சம்பளம் என்ன வரும்னு கேட்டிருந்தே. நான் படிக்க உங்கம்மா கம்மலை வித்தா. கடைசிவரைக்கும் அவ காதுல வேப்பங்குச்சிதான். பாஸ்டர் சம்பளம் நீ பார்த்து வளர்ந்ததுதான். அதுக்கு மேல, சாவு வீட்டுல ஜெபம் பண்ணா பணம் போட்டு கையில ஒரு கவர் வைப்பாங்க.

போன மாசம் விழுப்புரம் பாஸ்டர் வர முடியாததால உங்கம்மாவை நானே ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணேன் இல்லையா? முடிஞ்சதும் சபைப் பெரியவர் பழக்கத்துல என் கையில கவரை வெச்சுட்டார். நானும் பழக்கத்துல "ஸ்தோத்திரம்"னு வாங்கிக்கினேன்.

அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது. அவர் அழுதுட்டார்.

இன்னும் அதை நான் பிரிக்கல. படிக்கறதுன்னு முடிவு பண்ணா, நீயே வந்து பிரிம்மா.

உன் அப்பா