இரண்டு தடவை கிளட்ச்

எட்மண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல்? கேப் பிரெட்டனில் பனி தொடங்கிவிட்டதா? நான் சௌக்கியம்.

பட்டறையில் நாங்கள் பழுதுபார்த்துவந்த போர்க்கால ராணுவ லாரி சனிக்கிழமை ஓடியேவிட்டது. ஓட்டியது நான்தான். ஆனால் கியர் மாற்றும்போதெல்லாம் நறநறவென்று பல்லைக் கடித்தது.

"டேய் மர்டாக், லாரி ஓட்டுறியா, கல்லு அரைக்கிறியா?" என்று முதலாளி ஓரெஸ்ட் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அப்பாவின் இடது கால் ஞாபகம் வந்தது. நம் காரில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பாரே! "அப்பா தாளம் போடுறாரு" என்று நாம் கேலி செய்வோமே! அப்படியே மிதித்தேன். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. இந்த மாதிரி ராணுவ லாரியில் பழகிய கால் அது. போரில் லாரி ஓட்டியதைப் பற்றி அவர் நம்மிடம் வேறெதுவும் சொன்னதில்லை, அம்மா.

நீ பின்னும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கடைக் காலுறையில் குளிர் ஏறுகிறது.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, கார் சாவியை வாங்கி வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்கி வை. காரை மட்டும் விற்றுவிடாதே. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நம் வீட்டுப் பாதையில் தபால் பெட்டி வரை ஒரே ஒரு தடவை அவர் ஓட்டட்டும். ஓரெஸ்ட் ஹாரன் அடிக்கிறார், போக வேண்டும். நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்காமல் அந்த இடது காலைப் பார்க்க வேண்டும்.

உன் மகன்
மர்டாக்