அறுபத்தொன்பது நாள் ஹார்மோன்

கடிதம் எண்: 14
நாள்: 17 ஜூன் 1988, வெள்ளிக்கிழமை
நேரம்: காலை 10.20
பொருள்: 11.01.1988 அன்று ஆய்வகத்தில் நான் செய்த தவறு

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீயும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிப்ரவரியில் நீ என் தலைமையில் உள்ள ஆய்வகத்தை விட்டு அத்தை வீட்டுக்குப் போனது முதல் நான் எழுதிய பதின்மூன்று கடிதங்களும் வீட்டு விஷயங்கள். எதற்கும் பதில் வரவில்லை. இது ஆய்வு விஷயம். ஆகவே பதிலை எதிர்பார்க்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் நீ கண்ட மேடு என் வரைபடத்திலும் வந்துவிட்டது. ஜூன் 9, 13, 16 ஆகிய மூன்று நாளும் வந்தது. கதிரியக்க அயோடின் ஏற்றிய வளர்ச்சி ஹார்மோனை இரத்தநீரில் கலந்து, ஜெல் அடைத்த நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே இறக்கி, வரிசையாகக் குப்பிகளில் பிடித்துக் கதிரியக்கத்தை எண்ணினேன். பெரிய மூலக்கூறுகள் முதலில் இறங்கும். ஹார்மோன் சிறியது, பின்னால்தான் வர வேண்டும். ஆனால் அதில் ஒரு பங்கு பதினெட்டாம் குப்பியிலேயே வந்து நிற்கிறது, நீ டிசம்பரில் வரைந்து காட்டிய அதே இடத்தில். ஏதோ ஒரு பெரிய புரதம் அதைச் சுமந்து வருகிறது. அயோடின் ஏற்றாத ஹார்மோனை ஏராளமாகக் கலந்து பார்த்தேன். இரண்டும் அந்தப் புரதத்தில் இடத்துக்குப் போட்டியிட, மேடு மறைந்தது. ஆகவே அது அழுக்கு அல்ல. நம்பாமல் வரைபடத்தை இரண்டு முறை வரைந்து பார்த்தேன்.

இனித் தவறு. உன் முடிவைச் சரிபார்க்க ஜனவரி 11 அன்று நான் எடுத்தது நவம்பர் 3 அன்று அயோடின் ஏற்றிய குப்பி. வயது அறுபத்தொன்பது நாள். கதிரியக்கம் நூற்றுக்கு நாற்பத்தைந்தாகக் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டேன். கருவியும் அதையே காட்டியது. கணக்கு சரியாக வந்த பெருமையில், மேடு வராததற்கு நீயே காரணம் என்று உன் குறிப்பேட்டில் 'பிழை' என எழுதிக் கையொப்பமிட்டேன். நீ அப்போது, "இத அப்பாவா சொல்றீங்களா, தலைவரா சொல்றீங்களா?" என்று கேட்டாய். நான் கையொப்பத்தின் கீழ் இட வேண்டிய தேதியைச் சொன்னேன்.

இம்மாதம் 6ஆம் தேதி, பழைய குப்பிகளைக் கழிக்கும்போது கதிர்மானி பார்ப்பவர், "சார், எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற சரக்கு சரியா இருக்கா?" என்று கேட்டார். அந்த நவம்பர் குப்பியில் மிச்சமிருந்ததைத் தனியே இறக்கிப் பார்த்தேன். ஹார்மோனே இல்லை, உடைந்த துண்டுகளும் உதிர்ந்த அயோடினும்தான். தன் மேல் ஏற்றிய கதிரியக்கத்தாலேயே அது சிதைந்திருந்தது. கதிரியக்கம் எவ்வளவு மீதம் என்று நாள் பிசகாமல் கணக்கிட்டவன், ஹார்மோன் எவ்வளவு மீதம் என்று பார்க்கவில்லை. ஜூன் 8 அன்று புதிதாக அயோடின் ஏற்றினேன். மற்றதை மேலே எழுதிவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். "பால் திரிஞ்சா எனக்குத் தெரியுது, பாத்திரம் நிறைய இருக்குன்னு குடிப்பேனா? இத்தனை வருஷம் படிச்சு என்ன புண்ணியம்?" என்றாள். பிறகு அவளே இந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 1 அன்று மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் நீ சேரப்போவதாக அத்தை எழுதியிருந்தாள். சம்பளம் நல்லதே; வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அந்தப் புரதம் எது, அது ஹார்மோனை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பது நமக்கு இன்னும் தெரியாது. அதைக் கேட்கத் தெரிந்தவள் நீ. அடுத்த அயோடின் ஜூன் 29, புதன் காலை வருகிறது. சோதனை செய்பவர்கள் பட்டியலில் முதல் ஆளாக உன் பெயரை எழுதியிருக்கிறேன், பென்சிலில்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. எந்த வேலையில் இருந்தாலும் உன் கண் கண்டதை நம்பு. அதை அடித்து எழுத எவரையும் விடாதே, என்னையும்கூட.

ஆசிகளுடன்,
அப்பா

இணைப்புகள்:
1. வரைபடங்கள், மூன்று.
2. உன் குறிப்பேட்டின் 47ஆம் பக்கம், நகல். 'பிழை' அடிக்கப்பட்டு, 'பிழை என்னுடையது' என 16.06.1988 தேதியிட்ட கையொப்பத்துடன்.
3. கட்டுரையின் முதல் பக்கம். ஆசிரியர் உன் பெயர் மட்டும். எனக்கு இடம் உண்டா என்பதை நீ முடிவு செய்.
4. ஆய்வகத்தில் உடல்மீது படும் கதிர்வீச்சை அளக்கும், உன் பெயரில் பதிந்த பேட்ஜ். அணியத் தொடங்கும் நாள் 29.06.1988. வேண்டாமெனில் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கான தபால்தலை இணைக்கப்படவில்லை.