மஞ்சள் படிந்த விரல்

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத்தில் இன்றும் வெங்காயச் சருகுதான், இரண்டு மூட்டை. ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டிக் காயவைத்தால் கைப்பிடி மஞ்சள் பொடி மிஞ்சும். அதிலிருக்கும் ஃபிளேவனாய்டு என்ற நிறச்சத்து ரத்தச் சர்க்கரையை இறக்குமா என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. ஆராய்ச்சி அவருடையது, வேலை என்னுடையது. சர்க்கரை நோய் வரவைத்த எலிகளுக்கு அதைக் குழாயில் புகட்டுகிறேன், குழாயை வைத்த கையோடு வாலில் குத்துகிறேன், முந்தைய நாள் மருந்தின் பலன் மீட்டரில் தெரிகிறது. 340-இல் இருந்த எலிகள் 150-க்கு வந்துவிட்டன! மேடம் மட்டும் "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்கிறார். அவருக்கு வெயில் அடிக்கிறது என்று நம்பவும் தெர்மாமீட்டர் வேண்டும்.

மார்ச் 6

அக்கா பதினோரு வருஷமாக இன்சுலின் போடுகிறாள். "வயித்துல குத்த இடமே இல்லடா. நான் தைக்கிற துணியிலகூட இத்தனை ஓட்டை இருக்காது" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு டப்பா பொடியை எடுத்து வந்துவிட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்திருப்பாரா?

காலி கேப்சூல்களில் பொடியை விரலால் அடைத்து விழுங்க அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தேன். தினமும் மதியம் அடைத்து முடித்ததும் அந்தக் கையோடு சர்க்கரை பார்த்துவிட வேண்டும் என்றேன். ஆய்வகத்திலும் அதே வரிசைதான்.

மார்ச் 9

142. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 11

118. "ஊசியை நிறுத்திடட்டுமாடா?" என்று கேட்டாள்.

"நம்பரே சொல்லுதே, என்னைய ஏன் கேக்குற?" என்றேன். மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அக்கா புருஷன் நல்ல மனுஷன்தான், ஆனால் அரைநாள் யோசிக்காமல் குடைகூட வாங்க மாட்டார்.

மார்ச் 14

ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதாம். அவளே பிடித்துத் தைத்துக்கொண்டாள். இளைத்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம். தையல் மிஷின் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை நான் இருக்கும்போதே இரண்டு முறை காலி செய்தாள். வெயில் என்கிறாள். 121.

மார்ச் 17

ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். அக்கா! கண்ணை மூடிக்கொண்டே கோப்பவள்.

மார்ச் 18

காலையிலிருந்து வாந்தி. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். குனிந்து பேசியபோது மூச்சில் அழுகிய பழ வாடை. அந்த நிலையிலும் உட்கார்ந்து கேப்சூல் அடைத்துவிட்டு விரலைக் குத்திக்கொண்டாள். 126.

எண் நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு இந்த வாடை எங்கிருந்து வருகிறது? டாக்டரிடம் போகலாம் என்றால், "போனா ஊசியைப் பத்திக் கேப்பாங்க" என்கிறாள். நானும் வற்புறுத்தவில்லை.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மேடம் எலிக் கூண்டுகளின் முன்னால் நின்றிருந்தார். "நூத்தம்பது இருக்கிற எலி ஏன் இப்படித் தண்ணி குடிக்குது? கூண்டெல்லாம் ஈரம். நீங்க எப்பவும் செய்யிற மாதிரியே என் முன்னாடி செய்ங்க."

புகட்டினேன். வாலைப் பிடித்தேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். கையுறை நுனியெல்லாம் மஞ்சள்.

"இதை மாத்தவே மாட்டீங்களா?"

புதுக் கையுறை போட்டு, வாலைத் துடைத்து, மறுபடி குத்தச் சொன்னார். 388.

ஆய்வக மீட்டரும் அக்காவின் மீட்டரும் பழைய வகை, பார்ப்பது ரத்தம் வைக்கும் பட்டையில் ஏறும் நிறத்தை. இந்தப் பொடி ஒரு துளி பட்டாலும் நிறத்தை ஏற விடாது. சர்க்கரை இறங்கவே இல்லை, எண்தான் இறங்கியிருக்கிறது. மேடம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அக்காவின் விரல்கள்தான் தெரிந்தன. அவள் வீட்டுக்கு ஓடினேன்.

மிஷின் மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். கூப்பிட்டால் முனகல்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் குத்தினேன். மீட்டரில் எண் வரவில்லை — அளவைத் தாண்டிவிட்டது என்ற எழுத்து மட்டும்.

பாவி. நான்தானே சொன்னேன், அந்தக் கையோட பாருன்னு.

மார்ச் 20

தீவிர சிகிச்சைப் பிரிவு. கண் திறக்கவில்லை.

மார்ச் 22

விழித்துவிட்டாள்! ஆனால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறதாம். எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

டாக்டர் அவளிடம் கேட்டார்: "இன்சுலினை நிறுத்தச் சொன்னது யாரு?"

மாமா ஒரு பக்கம் நிற்கிறார், நான் ஒரு பக்கம். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. "யாரும் சொல்லல டாக்டர். நானாதான் நிறுத்துனேன்."

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

மாமா அவளைத் திட்டிக்கொண்டே அழுதார்.

மார்ச் 24, திங்கள்

இன்று வராந்தாவில் மாமா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை அன்னிக்கு நீ சீக்கிரம் வந்தே மாப்ளே. நீ மட்டும் வரலேன்னா அவ போய்ச் சேர்ந்திருப்பா. உசுரைக் காப்பாத்திக் குடுத்திருக்க."

"பரவாயில்ல மாமா" என்றேன்.