தேன்வாய் படித்துக் காட்டிய மூன்று கடிதங்கள்

என் அன்பு மகள் ஊசிக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. இங்கே நான் கை கால் சுகத்தோடு இருக்கிறேன், அங்கே நீ என்னைவிட ஒரு படி கூடுதல் சுகத்தோடு இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், தையல் மெஷின் முன்னால் கூன் போட்டு உட்காராமல் இருக்க வேண்டும். போன கடிதத்துக்கும் இதற்கும் கையெழுத்து மாறியிருக்கிறதே என்று திகைக்காதே. எழுதுவது நம் மருந்துக்கடை அம்மா. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தவர் இரண்டு மாதம் கழித்துப் போன வாரம்தான் திரும்பி வந்தார், பேத்தி பிறந்திருக்கிறாள், மூக்கு மட்டும் அப்படியே இவருடைய மூக்கு. மதிய நேரம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையில் இருமல் மருந்துப் பெட்டி மேல் என்னை உட்கார வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் டிக்கெட் எடுக்காதே அம்மாடி. எடுத்துவிட்டாய் என்றால் திருப்பிக் கொடுத்துவிடு. ஏன் என்று சொல்கிறேன், முன்னது முன்னாலும் பின்னது பின்னாலுமாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

என் இடது முழங்கால் எப்போதும் போல மழைக்கு முன்னால் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. கடைக் கூரை இஸ்திரி மேஜைக்கு நேர் மேலே ஒழுகியதால் மேஜையை இரண்டு அடி தள்ளிப் போட்டேன், இப்போது நின்ற இடத்திலிருந்தே தெரு முழுக்கத் தெரிகிறது, தெருவுக்கும் நான் தெரிகிறேன். முதலில் அது நல்லதாகப்பட்டது. போன செவ்வாய்க்கிழமை அந்த நடிகனைப் பரோலில் விட்டுவிட்டார்கள். உனக்கும் அங்கே தெரிந்திருக்கும், அவன் தும்மினாலே பேப்பரில் போடுகிறவர்கள் இதையா விடுவார்கள். பதினான்கு வருஷம் என்று நீதிபதி படித்தபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் வலிக்கிறது, இப்போது ஆறு வருஷம் இரண்டு மாதம்தான் ஆகிறது. மீதியை வெளியிலேயே ஒழுங்காக இருந்து கழிக்க வேண்டுமாம், சாட்சி சொன்னவர்கள் இருக்கும் பக்கம் அவனும் சரி அவன் ஆட்களும் சரி தலைவைத்தும் படுக்கக் கூடாதாம். அந்த ஒப்பனைக்காரப் பெண்ணை அவன் மாடிப்படியிலிருந்து தள்ளியபோது அந்தப் படப்பிடிப்பு வீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள், எல்லாரும் அன்றைக்குக் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள், துணி மாட்டும் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்ற நீ ஒருத்திதான் கண்ணைக் கையோடு கொண்டு போயிருந்தாய்.

அவன் வெளியே வந்த அன்று நம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் வந்தவர் போனவருக்கெல்லாம் பன் கொடுத்தார், எனக்கும் நீட்டினார், பல் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன். முடிவெட்டுகிறவன் ஆறு வருஷமாகச் சுவர் பக்கம் திருப்பி மாட்டியிருந்த நடிகன் படத்தை நேராக்கித் துடைத்து மாட்டிவிட்டான். தப்பும் முடி மாதிரிதான் பெரியவரே, வளந்துச்சு, வெட்டியாச்சு, இன்னும் என்ன என்றான். முடி மறுபடி வளரும்டா, அந்தப் பொண்ணு வளருவாளா என்று நான் கேட்டேன். கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடி வழியாக என்னையே பார்த்தான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டேன், மீதியை மருந்துக்கடை அம்மாதான் சரிசெய்தார், பார்க்க நன்றாக இருக்காது. பணி ஓய்வு பெற்ற வாத்தியார் சட்டமே விட்டுடுச்சு, நாம வாய விடக் கூடாது என்றார், அவர் எப்போதும் இரண்டு பக்கமும் வெளுக்கிற சோப்புத்தான். பாங்கு வேலை பார்க்கும் அந்த அம்மா மட்டும் சேலையைக் கொடுக்கும்போது, எம்பொண்ணுக்குப் பதினாறு வயசு, அவன் படத்த போன்ல வச்சிருக்கா, புடுங்கவும் முடியல, பாத்துட்டு இருக்கவும் முடியல தாத்தா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். செத்துப்போன பெண்ணின் அம்மாவும் வந்தார். மகளுடைய நீலச் சுடிதாரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், மாதம் ஒரு தடவை அதை இஸ்திரி போட்டு வாங்கிப் போவது உனக்குத் தெரியும். அன்றைக்கு எதிர்ப்புறம் மேளமும் விசிலுமாக இருந்தது. இவனுக்கு பரோல் குடுத்தாங்க, எம்மகளுக்கு யாருண்ணே குடுப்பாங்க என்று கேட்டார். தேய்த்த சுடிதாரையே நான் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் என் கடை ஷட்டரில் அவன் படத்தை ஒட்டியிருந்தார்கள், ஷட்டர் அகலத்துக்கு முகம். தூக்கினால் சுருண்டு மேலே போகிறான், இறக்கினால் தாடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். சுரண்டி எடுத்தேன், அடுத்த நாள் புதிதாக இருந்தது. வழக்கமாகத் துணி போடும் வீடுகளில் ஒன்பது வீடு நின்றுவிட்டது. இதெல்லாம் கேஸ் நடந்தபோது பார்த்ததுதான், தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. ரொட்டிக்கடைக்காரர் என்னிடம், உங்க மகளே மன்னிச்சிருச்சாமே, நீங்க ஏன் இன்னும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் அதைத் தெருவில் சொன்னவனே நான்தான். என் மக மனசு யாருக்கு வரும், எல்லாத்தயும் மறந்துட்டேன், அவர் மேல கோவமே இல்லன்னு எழுதியிருக்கா என்று முடிவெட்டுகிற கடையிலும் டீக்கடையிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். பரோல் மனுவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. நீ அப்படி எழுதவே இல்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

சொல்கிறேன். மருந்துக்கடை அம்மா ஊரில் இல்லாத இரண்டு மாதத்தில் உன் கடிதம் மூன்று வந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் புதிதாக ஒருவர் துணி போட ஆரம்பித்திருந்தார், வாரம் மூன்று சட்டை, ஏதோ ஆபீசில் வேலை என்றார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் பேச்சு. நான் மனதுக்குள் தேன்வாய் என்று பேர் வைத்திருந்தேன். அடுத்தவர் துணிக்கும் உள்ளே இருக்கிற மனுஷனுக்கும் முடிச்சுப் போட்டே பழகியவன் நான், கசங்கலே இல்லாத காலர், நல்ல மனுஷன் என்று முடிவு கட்டிவிட்டேன். உறையை நீட்டி, தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன் என்றேன். அவர் அவசரமே படாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார், நிறுத்தி நிறுத்தி, நீ பேசுகிற மாதிரியே. எனக்குக் கண் கலங்கியது. தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதையும் நான்தான் இஸ்திரி போட்டிருந்தேன்.

அந்த நடிகனின் விடுதலையை டீக்கடை டிவியில் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஜெயில் கதவு திறக்கிறது, நடிகன் கும்பிட்டுக்கொண்டே வருகிறான், பின்னால் ஒருத்தன் குடை பிடித்து வருகிறான், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாதி முகம் இல்லை. எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் சட்டையைப் பார்த்தேன். சந்தன நிறச் சட்டை. தேன்வாயின் சட்டையில் மூன்றாவது பொத்தான் என் இஸ்திரிப் பெட்டி பட்டு உடைந்துபோய், அதே மாதிரி கிடைக்காமல், கொஞ்சம் பெரிய பொத்தானாக ஒன்றைப் பழுப்பு நூலில் பெருக்கல் குறி மாதிரித் தைத்துக் கொடுத்திருந்தேன், பரவாயில்ல பெரியவரே, அடையாளமா இருக்கட்டும் என்று சிரித்தார். அந்தப் பொத்தான் டிவியில் வந்தது. கிட்டக் காட்டும்போதெல்லாம் வந்தது. எட்டுத் தடவை பார்த்தேன், ஒன்பதாவது தடவை குடிக்காத டீயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கடைக்காரன் என்ன தாத்தா, அண்ணனப் பாத்து பயந்துட்டீங்களா என்று கேலி செய்தான், எல்லாரும் சிரித்தார்கள்.

மருந்துக்கடை அம்மா வந்து இறங்கிய அன்றே மூன்று கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, காதில் ஒரு தடவை விழுந்தது அழியாது, அது உனக்குத் தெரியும். அவர் படிக்கப் படிக்க நான் கண்ணை மூடிக்கொண்டு, இது இருந்தது, இது இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் கடிதத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. இரண்டாவதில், அப்பா, கடிதத்தைக் கடையில் வைத்து யாரிடமும் கொடுக்காதீர்கள், மருந்துக்கடை அக்காவைத் தவிர ஒருவரும் படிக்கக் கூடாது, படித்ததும் எரித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நிறுத்துங்கம்மா, இது இல்ல என்றேன். அந்த அம்மா மறுபடியும் படித்தார். நிறுத்துங்கம்மா என்றேன். மன்னித்துவிட்டேன் என்ற வரியை மூன்றாவதில் தேடித் தேடிப் பார்த்தார், அந்த இடத்தில் நீ எழுதியிருந்தது உனக்கு இன்னும் கனவில் மாடிப்படி வருகிறது என்பது. அதற்குக் கீழேதான், அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதைத் தேன்வாய் ஒரு எழுத்து விடாமல் எனக்குப் படித்துக் காட்டினான். இரண்டு தடவை.

அதனால் அம்மாடி, உன் வீட்டு நம்பர், நீ வேலை செய்யும் தையல் கம்பெனி, வரும் நாள், ரயில் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு திருடனைக் கூப்பிட்டுச் சாவி இது, பெட்டி இது என்று காட்டிக் கொடுத்தவன் உன் அப்பன். அடிக்க வேண்டுமானால் நேரில் வந்து அடி, ஆனால் இப்போது வராதே. இன்றைக்கே அந்த வீட்டை விட்டு, உன் கம்பெனி மேஸ்திரி அம்மா வீட்டுக்குப் போய்விடு. போனில் சொல்லலாம் என்றால், கேஸ் சமயத்தில் போனில் வந்த மிரட்டலுக்குப் பிறகு எனக்கும் தராமல் நம்பரை மூடி வைத்தவள் நீ, அதைத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. போன மாதம் உனக்கு என் பேரில் ஒரு பதில் வந்திருக்கும். அதை எழுதியவன் அவன். நான் சொன்னது, கண்ணு, நல்லா யோசிச்சு வா, இங்க காத்து சரியில்ல என்று. அவன் என்ன எழுதினான் என்று தெரியவில்லை. கீழே என் விரல் ரேகை இருக்கும், அது மட்டும்தான் என்னுடையது. அதைக் கோபத்தில் கிழித்துவிடாதே. உன் கேஸ் நடத்திய வக்கீல் அம்மாவை நேற்றுப் போய்ப் பார்த்தோம். பெரியவரே, பொத்தான கோர்ட்டு நம்பாது, நீங்க காதால கேட்டதையும் நம்பாது, அவன் கையெழுத்து கெடச்சா நம்பும் என்றார். பரோல் கேட்கும்போதே சாட்சியின் அப்பாவிடம் ஆள் அனுப்பிப் பொய் மன்னிப்பைக் கிளப்பிவிட்டான் என்று காட்டிவிட்டால் பரோல் போய்விடுமாம். ஊரே பன் தின்கிறது, அவனை உள்ளே அனுப்பக்கூடிய ஒரே காகிதம் உன் கையில் இருக்கிறது. உறையோடு வக்கீல் அம்மாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு.

என் கடைக்கும் ஒரு கடிதம் போடு. லீவு கிடைத்துவிட்டது, சொன்ன ரயிலிலேயே வருகிறேன், வேலையும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டது என்று நாலு பொய் எழுது. அதை நான் தேன்வாயிடம் நீட்டி, படிச்சுச் சொல்லுங்க தம்பி என்பேன். அவன் சட்டை இப்போதும் என் கடையில்தான் தொங்குகிறது, அதே சட்டை, வியாழக்கிழமை வாங்க வருவான். ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டுக் கொடுப்பேன், ஸ்டூலையும் நானே இழுத்துப் போடுவேன், சிரிப்பேன். எழுபத்தொரு வயதில் நானும் நடிகன் ஆகிறேன் பார். எனக்குப் பயம் இல்லை என்று எழுதச் சொன்னேன், மருந்துக்கடை அம்மா பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சரி, அந்த வரி வேண்டாம்.

இதுவும் வேறு யாரோ எழுதியதுதானே, இதை எப்படி நம்புவது என்று நீ கேட்பாய், கேட்க வேண்டும். உனக்கு ஏழு வயதிருக்கும்போது, நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஒரு கால்சட்டையின் இடது முட்டியில் வைத்துவிட்டாய். வாடிக்கையாளரிடம் நான்தான் சுட்டுவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கினேன். உன் அம்மாவிடம்கூடக் கடைசிவரை சொல்லவில்லை, உனக்கும் எனக்கும் பெட்டிக்கும்தான் தெரியும், பெட்டி இதுவரை வாய் திறந்ததில்லை. அந்தக் கால்சட்டை என்ன நிறம் என்பதை இந்த அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. உன் உண்மைக் கடிதத்தை மருந்துக்கடை முகவரிக்குப் போடு, முதல் வரியில் அந்த நிறத்தை எழுது. அந்த நிறம் இல்லாமல் உன் பேரில் எந்தக் கடிதம் வந்தாலும், எவ்வளவு இனிமையாக எவன் படித்துச் சொன்னாலும், என் மகள் எழுதியது இல்லை என்று காதை மூடிக்கொள்வேன்.

தெரிந்த முகம் கூப்பிட்டாலும் உடனே கதவைத் திறக்காதே. எந்தக் கூட்டத்திலும் படியோரம் நிற்காதே. நீ நூறு வருஷம் கண் திறந்தபடி நன்றாக வாழ வேண்டும், உன் கை தைத்தது எதுவும் பிரியக் கூடாது. மறக்காதே, பதினெட்டாம் தேதி அந்த ரயிலில் நீ இருக்கக் கூடாது. நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போவேன், மகளை எதிர்பார்க்கிற அப்பன் மாதிரிப் பிளாட்பாரத்தில் நிற்பேன். வேறு யார் யார் அங்கே வந்து நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்தால் போதும், எனக்கு மறக்காது.

உன் வரவைத் தானே வேண்டாம் என்று சொல்லும்
உன் அப்பா
(இடது கட்டைவிரல் ரேகை. மை வைத்து எடுத்தது மருந்துக்கடை அம்மா, வேறு ஒருவரும் கூட இல்லை.)