மாப்பிள்ளைகளுக்குப் போன மீன்தலைகள்

ஜூன் 3

ரோகு கெண்டை மீன் முட்டையிடவில்லை. ஊசி போட்டு, இரண்டு ஆண் மீனைத் துணைக்கு விட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம். வயிறு மட்டும் பூசணிக்காய் போல அப்படியே இருக்கிறது. அப்பா தொட்டியை எட்டிப் பார்த்து, "உன் விலங்கியல் பட்டத்த அதுகிட்ட காட்டினியா?" என்றார்.

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பன்னிரண்டாம் தேதி, மாப்பிள்ளைகளை அழைத்து உபசரிக்கும் ஜாமாய் சஷ்டி விருந்துக்கு அக்கா கணவர் நிருபம் வருகிறார். இந்த மீன்குஞ்சுப் பண்ணையை மூடி, தொட்டிகளில் மண்ணைக் கொட்டி, டைல்ஸ் கிடங்கு கட்டலாம் என்பது அவர் யோசனை. அப்பாவுக்கு ஓயாத முதுகுவலி. மாப்பிள்ளை நேரில் கேட்டால் சரி என்றுவிடுவார். அதற்குள் அப்பா கை படாமல் நான் ஒரு தடவையாவது குஞ்சு எடுத்துக் காட்ட வேண்டும்.

ஜூன் 4

காரணத்தைப் பிடித்துவிட்டேன்! நான் ஊசியில் ஏற்றியது வேறு மீன்களின் தலையிலிருந்து எடுத்த பிட்யூட்டரி சுரப்பியின் சாறு. அதிலுள்ள ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். கண்ணுக்கும் போகும், வாலுக்கும் போகும் — ஒன்றும் ஆகாது. அதை அடையாளம் கண்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பி இருக்கும் இடத்தில்தான் அதன் பேச்சு எடுபடும். முட்டைப்பையில் ஏற்பிகள் நிறைய வந்திருந்தால்தான் முட்டை இறங்கும். இந்த வெயிலில் அது எங்கே தயாராவது? மருந்தில் குறையில்லை, என் அவசரம்தான்.

அப்பாவிடம் விளக்கினேன். "அதுக்கு இன்னும் இஷ்டமில்லன்னு சொல்லு. இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பாடம்?" என்றார்.

ஜூன் 8

மழை இல்லை. மீனுக்கும் எனக்கும் ஒரே எரிச்சல்.

ஜூன் 11

மழை. கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. தண்ணீர் குளிர்ந்துவிட்டது. ரோகுவின் வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கிறது. ஆண் மீனை லேசாக அழுத்தினாலே விந்துப்பால் வடிகிறது. நாளைதான் நாள். குதித்துக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தால் — சுரப்பிக் குப்பி காலி. போன தடவையே எல்லாவற்றையும் அரைத்துத் தீர்த்திருக்கிறேன், மக்கு.

நைஹாட்டி மருந்துக் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரரும் ஒரு வீட்டு மாப்பிள்ளை. விருந்துக்குக் கிளம்பிவிட்டாராம். கடை பூட்டு.

ஜூன் 12

எல்லா வீட்டு மாமியாரும் பெரிய மீன் வாங்கி, தலையை மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைக்கும் நாளில் சுரப்பிக்கா பஞ்சம்? சாமணமும் குப்பியுமாகத் தெருவில் இறங்கினேன். தலை சிதையாது, கழுத்து ஓட்டை வழியாக மூளைக்கு அடியிலிருந்து கடுகளவு எடுத்துக்கொள்வேன் — இதை எத்தனை சமையலறைகளில் சொல்லியிருப்பேன்! இன்று நானேதான் ஹார்மோன். எல்லா வாசலிலும் தட்டினேன். ஏற்பி இருந்த வீடுகள் திறந்தன.

பக்கத்து வீட்டு மிண்டி காக்கிமா, எனக்குச் சித்தி முறை, மீன்தலையை நீட்டியபடியே, "மூளைய மட்டும் எடுத்துராத. எங்க மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே அது கம்மி" என்றாள். எதிர்வீட்டில், மாப்பிள்ளைக்கு வைத்ததைத் தொடக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

இன்னும் ஒரு பெரிய தலை வேண்டும். அது எங்கள் அடுப்படியில், அம்மாவின் காவலில் இருந்தது.

"தலையில கைய வெச்சா மாப்பிள்ளைக்கு என்ன மரியாத? போடி வெளிய."

பட்டு ஜிப்பாவில் வந்து நின்ற நிருபம் என்ன சண்டை என்று கேட்டார். தொட்டியை மூட வந்தவரிடமே தொட்டியைக் காப்பாற்ற உதவி கேட்பதா? வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஏற்பிப் பாடத்தையும் நடத்தினேன்.

"தலை எனக்குத்தான மா? அப்ப குடுத்துருங்க. ஜூயி ஜெயிக்கறாளா, நான் ஜெயிக்கறேனான்னு பாத்துருவோம்."

அப்பாவால் குனிய முடியாததால் ஊசி போட மீனைப் பிடித்துக்கொண்டதும் நிருபம்தான். ரோகு ஓர் உதறு உதறியது. ஜிப்பா, கண்ணாடி, முகம் எல்லாம் தண்ணீர்.

"எனக்கும் ஏதோ ஏற்பி இருக்கு போல, ஜூயி. உடம்பெல்லாம் நடுங்குது" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். சாயங்காலம் இரண்டாம் ஊசிக்கு, நான் கூப்பிடாமலே அப்பாவின் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஜூன் 13

முட்டை. முட்டை. தொட்டி முழுக்க ஊறின ஜவ்வரிசி போல முட்டை.

நான் எழுந்து போவதற்குள் நிருபம் அங்கே குந்தியிருந்தார். "இதுல எது உயிரோட இருக்கு?" கண்ணாடி போல இருப்பது உயிர், வெளுத்தது வீண் என்று காட்டினேன். ஏறக்குறைய எல்லாமே கண்ணாடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் பருப்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டிருக்கிறேன். பருப்பிலும் இனிப்பு சேர்க்கும் வங்காளி வீடு, யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அப்பா வந்து வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசில் என்ன இருக்கிறது?

ஜூன் 16

கல்கத்தாவிலிருந்து நிருபம் போன் செய்தார். மண் லாரியை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"குஞ்சுங்களுக்கு என்ன சாப்பாடு போடறீங்க?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. ஆயுசு முழுக்க மீன்குஞ்சு வளர்த்த அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும் மாப்பிள்ள? பண்ணைக்காரிகிட்ட கேளுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.