விடுதிக்கு ஒரு வெப்பமானி

டிசம்பர் 3
கம்பளி கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு மூன்றாவது முறை போன் செய்தேன். மலைமேல் இந்த விடுதியில் முப்பத்தெட்டுப் பெண் பிள்ளைகள், பத்தொன்பது கம்பளி. கண்காணிப்பாளர் விஜயராஜ், "புதூர்நாடு இன்னா ஊட்டியாம்மா? எத்தினி டிகிரின்னு எழுதி அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். வார்டனாகி ஆறு வருடம். குளிருக்குச் சாட்சி கேட்பது இதுதான் முதல் முறை.

டிசம்பர் 7
வீட்டுக்குப் போனபோது போளூரில் வெப்பமானி கேட்டேன். கடைக்காரர் காய்ச்சல் பார்ப்பதை எடுத்துத் தந்தார். "வெளிய மாட்றதுங்க" என்றேன். "வெளிய யாருக்குங்க காய்ச்சல்?" சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். முள் வைத்தது ஒன்று, சிவப்புத் திரவம் ஏறும் கண்ணாடிக் குழாய் ஒன்று. எது நல்லது என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டையும் வாங்கினேன்.

டிசம்பர் 8
கிழக்குச் சுவரில் மாட்டினேன். எட்டு மணிக்கு 29. வெயிலை அளந்திருக்கிறேன். வடக்குப் பக்கத் தூணுக்கு மாற்றினேன், நிழலில்.

டிசம்பர் 9
காலை ஆறு மணி. முள் 11 என்கிறது, குழாய் 14 என்கிறது. சமையல் செய்யும் செல்லி, "பதினொண்ணயே எழுதிடுங்க மேடம். அதுதான் நம்ம பக்கம் பேசுது" என்றாள்.

டிசம்பர் 10
அறிவியல் ஆசிரியர் ஆனந்தன் சொன்னபடி ஐஸை நொறுக்கி, தண்ணீர் விட்டு, குழாயை வைத்தேன். சரியாகப் பூஜ்ஜியத்தில் நின்றது. அப்போ முள்தான் பொய். 14 என்றே எழுதி அனுப்பினேன். எதுக்குத்தான் ஐஸ் வெச்சுப் பார்த்தேனோ.

டிசம்பர் 15
விஜயராஜ்: "பதினாலுல இன்னாங்க குளிரு? நாங்க ஏசிய பதினெட்டுல வெச்சிக்கினு ஒக்கார்றோம்."

டிசம்பர் 18
12.

டிசம்பர் 19
நெல்லிவாசலிலிருந்து மங்கம்மாள் வந்து மகள் அருணாவைக் கூட்டிப் போனார். பிள்ளைக்கு நாலு நாளாக இருமல். "வூட்ல அடுப்பாண்டயாவது படுத்துக்கும். பொங்கலுக்கு அப்பறம் பாக்கலாங்க." எட்டாம் வகுப்பு. பார்க்கலாம் என்று போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? நான் என்ன சொல்லித் தடுப்பேன் — ஏசியில உக்கார்றவங்க இருக்காங்கம்மா என்றா?

ஜனவரி 8
நோட்டில் டிகிரிக்குப் பக்கத்தில் வருகையையும் எழுதி வந்தேன். 14 — 38 பேர். 12 — 33. இன்று 9 — 26. அதை நகலெடுத்து அனுப்பினேன். குளிரைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

ஜனவரி 12
விஜயராஜே கூப்பிட்டார். "பன்னெண்டு பேர் எங்கம்மா?" குரல் மாறியிருந்தது. "வூட்லங்க." "டிகிரிய வுடுங்க. இத மொதல்லயே சொல்றதில்லியா?"

பிப்ரவரி 27
கம்பளி வந்தது. நாற்பது. மதியம் 33 டிகிரி. ஜீப் ஓட்டுநர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வெயில்ல இன்னாத்துக்குங்க இது?" என்றார். கையெழுத்துப் போட்டேன். அருணா தவிர எல்லோரும் பொங்கல் முடிந்து வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 28
ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு நெல்லிவாசல் போனேன். மங்கம்மாள் தடவிப் பார்த்தார்.
"இது அதுக்கு மட்டுங்களா?"
"அதுக்கு மட்டும்தாம்மா. பேர் எழுதியிருக்கேன்."
உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார்.
திரும்பும் ஜீப்பில் அருணா கம்பளியை மடியில் வைத்திருந்தாள். அவளுக்கு நன்றாக வேர்த்தது. இறக்கி வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.