எட்டு ஓம்

4.10.2025, சனி

தம்பி குருவின் ரிசீவர் வந்துவிட்டது. அவன் ஓசூரில் வீடு மாறுகிறான், புது வீட்டில் வைக்க இடமில்லையாம். "உங்க வூட்ல வெச்சுக்கக்கா" என்று காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். டிவி சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற கறுப்புப் பெட்டி, நல்ல கனம். அவனுடைய ஸ்பீக்கர்களை எலி கடித்துவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார் இவர். எனக்கு வேண்டும். பதினெட்டு வருடம் கல் கிரஷரில் நின்ற காது இவருடையது. டிவியில் சத்தம் கேட்கிறது, பேசுவது புரியவில்லை. வால்யூமைக் கூட்டுவார், இன்னும் கூட்டுவார், பிறகு எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். டிவியோடு போனால் பரவாயில்லை. நான் எதைச் சொன்னாலும் "ம்". எண்ணெய் தீர்ந்துபோச்சுங்க என்றாலும் ம். வூடு தீப்பிடிச்சிருச்சுங்க என்றேன் ஒருநாள், வேண்டுமென்றே. அதற்கும் ம். காது டெஸ்ட் என்று பேச்செடுத்தால் மட்டும் கோபம் வரும். "நான் என்ன செவிடனா?"

சரி, செவிடன் இல்லை. அப்படியானால் உங்கள் காதுக்குப் புரிகிற மாதிரி ஸ்பீக்கர் கொண்டுவருகிறேன். விட மாட்டேன்.

5.10, ஞாயிறு

ரிசீவரின் முதுகைத் துடைத்துப் பார்த்தேன். 6–16 என்று போட்டு, பக்கத்தில் லாடம் மாதிரி ஒரு குறி. குருவுக்குப் போன் போட்டேன். "அதான்க்கா ஓம். ஸ்பீக்கர் எட்டு ஓம் இருக்கணும். ஆறுக்குக் கீழ போனா ரிசீவர் சூடாயிரும். ஓம் பாக்காம வாங்கிராத" என்றான். எட்டு ஓம், எட்டு ஓம் என்று சொல்லிக்கொண்டே சோறு வடித்தேன்.

7.10, செவ்வாய்

சத்துணவுக் கூடத்தில் என்னோடு சமைக்கும் ராமக்காளுக்கும் இதில் யோசனை இருக்கிறது. "ரெண்டாயிரம் வாட்ஸ் வாங்கு அமுதா, அரூர் வரைக்கும் கேக்கும்." அரூருக்கு எதற்கு? எதிர் நாற்காலிக்குக் கேட்டால் போதாதா?

10.10, வெள்ளி

சவுண்டு சர்வீஸ் சென்னப்பன் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைக் கழிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போன் போட்டேன். அவர் மொரப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக் கட்டப் போயிருக்கிறார். மனைவி குள்ளம்மாள்தான் எடுத்தார்.

"ஓம் இருக்குதாங்க?"

"எல்லாத்துலயும் இருக்குதும்மா."

"எட்டு ஓம்ங்களா?"

"எட்டு பெட்டிலயும் இருக்குதும்மா. நானே பாத்தேன்."

இதைவிட உறுதியாக யார் சொல்வார்கள்? ரெண்டை ஆட்டோவில் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

11.10, சனி

என் தலையில் நானே கொட்டிக்கொள்ள வேண்டும்.

பெட்டிகள் வந்தன. இடுப்பு உயரம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனத்தில் பெரிதாக ஓம், கீழே குங்குமப் பொட்டு. போன வாரம் ஆயுத பூஜைக்குக் குள்ளம்மாளே கைப்பட எழுதியது. அந்தம்மா பொய் சொல்லவில்லை, எட்டுப் பெட்டியிலும் ஓம் இருந்திருக்கிறது! நானும் அதைப் பார்த்துவிட்டு, பூஜை போட்ட பெட்டிதானே என்று பின்பக்கம் பார்க்காமல் ஒயரை மாட்டினேன். பத்து நிமிடத்தில் ரிசீவர் தோசைக்கல்லாகி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. திருப்பிப் பார்த்தால் 4 என்று இருக்கிறது.

சிரிப்பு தாங்கவில்லை. ஓடிப்போய் இவரிடம் முழுக் கதையையும் சொன்னேன், குள்ளம்மாள் மாதிரி பேசியும் காட்டினேன்.

"ம்" என்றார்.

எவ்ளோ நல்ல கதை அது... யார்கிட்ட போயி சொல்றது நான்? அழுகையா வருது.

12.10, ஞாயிறு

சென்னப்பனே வந்து பெட்டிகளை எடுத்துப் போனார். ரிசீவர் பிழைத்திருக்கிறது. இவர் "விட்டுரு அமுதா" என்றார். விடுவதா, நானா?

15.10, புதன்

மத்தியானம் லீவு போட்டுவிட்டுத் தர்மபுரி போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை. உள்ளே அல்தாப் ரிப்பேர் பார்க்கிறார், முன்னால் அவர் மனைவி ஷகிலா வியாபாரம் பார்க்கிறார். ரிசீவரின் முதுகைப் போனில் படமெடுத்துப் போயிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஷகிலா வாட்ஸைப் பற்றிப் பேசவில்லை. "யாரு கேக்கறதுக்குங்க அக்கா?" என்றார். இத்தனை நாளில் அப்படிக் கேட்ட முதல் ஆள்.

சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன்.

"கிரஷர்ல இருந்த காது சத்தத்த எடுக்கும், பேச்சுல இருக்கற எழுத்த எடுக்காதுங்க. நீங்க சத்தத்த கூட்டறதால ஒண்ணும் ஆவாது" என்று ஒரு நீளப் பெட்டியை எடுத்து வைத்தார். "படத்துல பேச்செல்லாம் இந்த நடு ஸ்பீக்கர்லதான் வரும். இது இல்லாம எவ்ளோ பெருசு வெச்சாலும் பாட்டும் சண்டையும்தான் பெருசாவும்."

நடுவுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருந்தால்தான் ஆள் நடந்துகொண்டே பேசும்போது குரல் மாறாதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றின் பின்பக்கமும் படித்தேன். 8. 8. 8. சந்தனக் கதையைச் சொன்னதும் ஷகிலா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கதைக்கு ஒரு வழியாக ஆள் கிடைத்தது.

18.10, சனி

மாட்டியாகிவிட்டது. நடு ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் திணிக்காமல், டிவிக்குக் கீழே, உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வருகிற மாதிரி பலகை போட்டு வைத்தேன். அல்தாப் போனில் சொல்லச் சொல்ல, ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் நாலு படி ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியும் சூடு இல்லை.

19.10, ஞாயிறு

இவரைக் கூப்பிடவில்லை. படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கை கழுவ உள்ளே வந்தவர் ஈரக் கையோடு நின்றுவிட்டார். படத்தில் ஒருவன் மனைவியிடம் மெல்லிய குரலில், நிலத்தை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறான்.

"எழுதிக் குடுத்துட்டானா? கூமுட்டை!" என்றார் இவர். உட்கார்ந்தும்விட்டார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

26.10, ஞாயிறு

இன்றும் ஒரு படம். முடிந்ததும் இவரே டிவியை அணைத்தார். எழுந்து போகவில்லை. ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"டிவில பேசறவங்க பேச்சு பூரா புரியுது அமுதா" என்றார். "நீ பேசறதுதான் புரிய மாட்டேங்குது."

ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அந்தக் காது டெஸ்டு... தர்மபுரில எங்க எடுப்பாங்க?"

பக்கத்தில் போய் உட்கார்ந்து, இடத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டார்.

நாளை முதல் பஸ். சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.